1,024 ரோபோக்களும் ஒரே ஒரு வரிசையும்: தலைமை இல்லாத திரள் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

2014 ஆகஸ்டில், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூன்று ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய 1,024 ரோபோக்களை ஒரு தளத்தில் நெருக்கமாக வைத்து, 'இந்த வடிவத்தில் அமருங்கள்' என்று ஒரே ஒரு படத்தைக் கொடுத்தார்கள். நட்சத்திர மீன், ஸ்பேனர், ஆங்கில 'கே' எழுத்து ஆகிய மூன்று வடிவங்களும் உருவாயின. எந்த ரோபோ எங்கே போக வேண்டும் என்று மேலிருந்து கணக்கிட்டுச் சொல்லும் கணினி எதுவும் இல்லை. மேலே தொங்கிய கேமரா பதிவு செய்ய மட்டுமே. அது பார்த்தது எதுவும் ரோபோக்களுக்குப் போய்ச் சேரவில்லை.

அதற்கு முன் திரள் ரோபோக்களைப் பற்றிய கணிதம் ஏராளமாக இருந்தது. ஆயிரக்கணக்கில் ஓடும் கணினிப் பாவனைகளும் இருந்தன. உண்மையான ரோபோக்களைக் கொண்ட திரள்களில் நூறைத் தாண்டியவை மிகச் சில. காரணம் அறிவு போதாமை அல்ல. நூறு ரோபோக்களை ஒவ்வொன்றாகச் சார்ஜ் செய்து, நிரல் ஏற்றி, பொத்தானை அழுத்தி ஓட்டிப் பார்த்தவருக்கு அது புரியும்: திரள் இயங்கத் தொடங்கும் முன்பே மனிதர் களைத்துவிடுவார்.

எனவே இந்தக் குழுவின் முன் இரண்டு கேள்விகள் இருந்தன. ஆயிரம் ரோபோக்களைக் கையாளும்படி ஒரு ரோபோவை எவ்வளவு எளிமையாக்கலாம்? அவ்வளவு எளிமையான, தவறு செய்யக்கூடிய ரோபோக்களைக் கொண்டு நம்பகமான விளைவைப் பெற முடியுமா? முதல் கேள்விக்கான விடை 2011–12 வாக்கிலேயே கிலோபாட் என்ற பெயரில் வெளிவந்துவிட்டது. 2014 சோதனை இரண்டாவது கேள்விக்கானது.

வன்பொருள்: எதை விட்டுக்கொடுத்தார்கள், ஏன்

கிலோபாட்டின் விட்டம் 33 மில்லிமீட்டர். மொத்தமாக வாங்கினால் உதிரிபாகச் செலவு ஒன்றுக்குச் சுமார் 14 டாலர். கோத்து முடிக்க ஏறத்தாழ ஐந்து நிமிடம். ஐந்து நிமிடம் என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1,024 ரோபோக்களுக்கு அது 85 மணி நேரம். பத்து நிமிடம் ஆகியிருந்தால் 170 மணி. பாகங்களைத் தேர்ந்தெடுக்கும்போது விலையைப் போலவே இந்தப் பெருக்கலும் முடிவைத் தீர்மானித்தது.

சக்கரம் கிடையாது. மூன்று விறைப்பான உலோகக் கால்கள், உடலின் இரு பக்கமும் நாணய வடிவில் இரண்டு அதிர்வு மோட்டார்கள். ஒரு மோட்டாரை இயக்கினால் ரோபோ ஒரு பக்கம் திரும்பும். இரண்டையும் இயக்கினால் முன்னே நகரும். வேகம் நொடிக்குச் சுமார் 1 சென்டிமீட்டர், திரும்புவது நொடிக்குச் சுமார் 45 பாகை. சக்கரம் இல்லாததால் அது எத்தனை முறை சுழன்றது என்று எண்ணிப் பார்க்கும் வழியும் இல்லை. எவ்வளவு தூரம் வந்தோம், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பது கிலோபாட்டுக்குத் தானாகத் தெரியாது. நீண்ட தூரம் நேர்கோட்டில் போகவும் முடியாது.

பேச்சுக்கும் பார்வைக்கும் ஒரே உறுப்பு. உடலின் அடியில், கீழ்நோக்கி ஓர் அகச்சிவப்பு உமிழியும் ஏற்பியும் உண்டு. ஒளி தளத்தில் பட்டுத் தெறித்து அண்டை ரோபோவின் அடியில் உள்ள ஏற்பியைச் சேரும். எட்டும் தூரம் ஏறத்தாழ மூன்று ரோபோ அகலம், அதாவது 10 சென்டிமீட்டர். வந்த ஒளியின் வலுவை வைத்து, அனுப்பியவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று சில மில்லிமீட்டர் துல்லியத்தில் கணிக்கலாம். எந்தத் திசையில் இருக்கிறார் என்று மட்டும் தெரியாது. இந்த ஒரு குறைதான் பின்னால் வரும் எல்லா நெறிமுறைகளின், அதாவது ரோபோக்கள் பின்பற்றும் செயல்விதிகளின், வடிவத்தையும் முடிவு செய்கிறது.

எல்லோரும் ஒரே ஒளி அலைவரிசையில் பேசுவதால், பேசுமுன் ரோபோ காது கொடுத்துக் கேட்கும். வேறு யாரும் பேசவில்லை என்றால் மட்டும் அனுப்பும். அப்படியும் இரண்டு செய்திகள் மோதித் தொலைவது உண்டு. 'செய்தி வந்தே தீரும்' என்று நம்பும் நிரலை இந்தத் தளத்தில் எழுத முடியாது.

மூளை, 8 மெகாஹெர்ட்சில் ஓடும் ஏடிமெகா 328 நுண்கட்டுப்படுத்தி. அதில் நிரலுக்கு 32 கிலோபைட், ஓடும்போது பயன்படும் நினைவகம் 2 கிலோபைட் மட்டுமே. நிரலை ஏற்றுவது, எழுப்புவது, உறங்க வைப்பது எல்லாம் மேலே தொங்கும் ஓர் அகச்சிவப்பு விளக்கிலிருந்து மொத்தமாக நடக்கும். பத்து ரோபோவானாலும் ஆயிரமானாலும் ஒரே நேரம்தான். கம்பி சொருகி ஒன்றுக்கு அரை நிமிடம் என்று ஏற்றினால் 1,024 ரோபோக்களுக்கு எட்டரை மணி நேரம் ஆகும். நிரலில் ஒரு வரி மாற்றினாலும் மறுபடி எட்டரை மணி நேரம். சார்ஜ் செய்வதும் தனித்தனிச் செருகி இல்லாமல், உலோகத் தொடுகை வழியே கூட்டமாகவே நடக்கும்.

ஒவ்வொரு ரோபோவுக்கும் மனிதர் தனியே மெனக்கெட வேண்டிய இடம் ஒன்று இருந்தது: மோட்டார்களின் அளவுத்திருத்தம். இரண்டு அதிர்வு மோட்டார்கள் ஒருபோதும் ஒத்திருப்பதில்லை. கால்களின் வளைவும் ரோபோவுக்கு ரோபோ மாறும். கிலோபாட்டைப் பயன்படுத்துவோர் இடப்பக்கம் திரும்ப, வலப்பக்கம் திரும்ப, நேரே போக என்று மோட்டார் வலு எண்களை ஒவ்வொரு ரோபோவுக்கும் தனியே கண்டறிந்து அதன் நிலை நினைவகத்தில் எழுதி வைப்பார்கள். கால் ஒன்று சற்று வளைந்தால் அந்த எண்கள் பழையதாகிவிடும். ரோபோவைக் கையில் எடுத்துத் 'தொப்' என்று வைப்பதே போதும்.

ஒரே நிரல், மூன்று பழக்கங்கள்

எல்லா ரோபோக்களுக்கும் அதே நிரல், அதே படம். வேறுபாடு நான்கே ரோபோக்களில். தொடக்கக் கூட்டத்தின் ஓரத்தில் மனிதர் கையால் வைக்கும் இந்த நான்கு 'விதை' ரோபோக்கள் நகர மாட்டா. 'பூஜ்யப் புள்ளி இது, அச்சுகள் இவை' என்று மற்றவர்களுக்குச் சொல்வது அவற்றின் வேலை. மற்ற எல்லாம் கீழே உள்ள மூன்று பழக்கங்களிலிருந்து விளைகின்றன.

முதலாவது, அடுக்கு எண். விதை ரோபோ ஒன்று 'நான் 0' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அதன் பக்கத்தில் இருப்பவை 1, அவற்றின் பக்கத்தில் இருப்பவை 2. ஒவ்வொன்றும் குறிப்பிட்ட தூரத்துக்குள் கேட்கும் எண்களில் மிகச் சிறியதோடு ஒன்றைக் கூட்டித் தன் எண்ணாக்கிக்கொள்ளும். வரைபடம் இல்லாமலேயே 'விதையிலிருந்து நான் எத்தனை அடுக்கு தள்ளி இருக்கிறேன்' என்பது ஒவ்வொன்றுக்கும் தெரிந்துவிடும்.

இரண்டாவது, ஓரம் பிடித்துப் போவது. நகரும் ரோபோ, நின்றிருக்கும் கூட்டத்தின் வெளி விளிம்பை ஒட்டிச் செல்லும். திசை தெரியாத ரோபோவுக்கு இது எப்படி முடியும்? மிக அருகில் நிற்பவருடன் உள்ள தூரம் கூடுகிறதா, குறைகிறதா என்று மட்டும் பார்க்கும். கூடினால் ஒரு பக்கம் திரும்பும், குறைந்தால் மறு பக்கம். இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போவது போல.

மூன்றாவது, இடம் கணிப்பது. தங்கள் ஆயங்களை (பூஜ்யப் புள்ளியிலிருந்து தங்கள் இடத்தைக் குறிக்கும் எண்களை) ஏற்கெனவே அறிந்து நிற்கும் மூன்று அண்டைகளாவது, ஒரே கோட்டில் அமையாமல் இருந்தால், அவற்றுடனான தூரங்களைக் கொண்டு ரோபோ தன் ஆயத்தைக் கணிக்கலாம். மூன்றும் ஒரே கோட்டில் இருந்தால் கோட்டுக்கு இப்புறமா அப்புறமா என்று சொல்ல முடியாது. கண்ணாடிப் பிம்பம் போல இரண்டு விடைகளும் பொருந்தும். அளந்த தூரங்கள் பிசகுள்ளவை என்பதால் அவை துல்லியமாக ஒரு புள்ளியில் வெட்டிக்கொள்ளாது. ரோபோ தன் உத்தேச இடத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தி, அளந்த தூரத்துக்கும் கணித்த தூரத்துக்கும் உள்ள வேறுபாடு குறையும் பக்கம் போகும்.

இனி முழு ஓட்டம். தொடக்கக் கூட்டத்தில், தன்னைச் சுற்றி இருப்பவற்றைவிடத் தன் அடுக்கு எண் பெரியது என்று காணும் ரோபோ புறப்படும். சமமாக இருந்தால் குலுக்கல் முறை. மிகப் பெரிய எண் கொண்டது போனால் மீதிக் கூட்டம் துண்டாகாது என்பதே இந்த விதியின் நோக்கம். புறப்பட்டது ஓரம் பிடித்துச் சுற்றி வரும், வழியில் தன் ஆயத்தைக் கணித்துக்கொண்டே இருக்கும், ஆயத்தைப் படத்துடன் ஒப்பிடும். வடிவத்துக்குள் நுழைந்த பிறகு, வடிவத்தைவிட்டு வெளியேறப் போகும் தறுவாயில் நிற்கும். அல்லது தன் அடுக்கு எண்ணையே கொண்ட, நின்றுவிட்ட ஒரு ரோபோவின் பக்கத்தில் வந்ததும் நிற்கும். நின்றதும் அதுவும் மற்றவர்களுக்கு அடையாளக் கல்லாகிவிடும். இப்படி அடுக்கடுக்காக வடிவம் வளரும்.

இந்த விதிகளால் உருவாக்க முடியாத வடிவங்களும் உண்டு. நடுவில் ஓட்டை உள்ள வளையம் முடியாது. ஓரம் பிடித்து வருபவருக்கு மூடிய ஓட்டைக்குள் வழி இல்லை. மிக மெல்லிய கோடும் முடியாது. ஒரே கோட்டில் இல்லாத மூன்று அண்டைகள் அங்கே கிடைக்க மாட்டார்கள். இதைக் குறையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எந்த வடிவங்களுக்கு உறுதி தர முடியும் என்று எல்லை கட்டி, பிழையற்ற மாதிரியில் அதை நிரூபித்தும் காட்டியது நேர்மையான வழி என்றே கொள்ள வேண்டும்.

ஓட்டத்தின்போது கண்டவை

பிழையற்ற மாதிரியில் நிரூபித்தது தளத்தில் அப்படியே நடக்கவில்லை. பத்து ரோபோக்களுடன் ஓட்டினால் கண்ணில் படாத கோளாறுகள், ஆயிரத்தில் ஒவ்வொரு ஓட்டத்திலும் வந்தன.

இதன் கணக்கு எளிது. ஓர் ஓட்டத்தில் ஒரு ரோபோ பழுதாகும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். 25 ரோபோக்களில் ஒன்றாவது பழுதாகும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டரைதான். பல நாள் ஓட்டினாலும் பார்க்காமல் போகலாம். 1,024 ரோபோக்களில் அதே வாய்ப்பு நூற்றுக்கு 64. சிறு திரளில் 'துரதிர்ஷ்டம்' என்று ஒதுக்கியதைப் பெருந்திரளில் வழக்கமான நிலை என்று கருதியே நிரல் எழுத வேண்டும்.

வந்த கோளாறுகளில் பயணத்தை முடக்கியவை ஒரு வகை. ஓரம் என்பது ஒற்றையடிப் பாதை. முந்திச் செல்ல இடமில்லை. மோட்டார் வலுக் குறைந்த ஒரு ரோபோ மெதுவாகப் போனால் பின்னால் வருபவை அனைத்தும் தேங்கும். முழுதாக நின்றுவிட்டால் பாதையே அடைபட்டுவிடும். பின்னால் வருபவை முட்டித் தள்ளினால், நின்று நிலைத்த ரோபோக்களும் இடம் பெயரலாம். ஆயத்தை ஏற்கெனவே அறிவித்துவிட்ட ஒன்று பெயர்ந்தால் அதை நம்பிக் கணித்த எல்லோருக்கும் பிழை தொற்றும்.

ஆயப் பிழை இன்னொரு வகை. தூர அளவீட்டில் சீரற்ற பிசகு இருந்தால் அது ஓரளவு தன்னைத்தானே ஈடுசெய்துகொள்ளும். ஆயம் ஒரு ரோபோவிலிருந்து அடுத்ததற்குக் கை மாறும்போது 2 மில்லிமீட்டர் பிசகு என்றால், 20 கைகள் மாறினாலும் சுமார் 9 மில்லிமீட்டர் அளவிலேயே நிற்கும். ஆனால் எல்லா அளவீடும் ஒரே பக்கம் 1 மில்லிமீட்டர் சாய்ந்திருந்தால், 20 கைகளில் அது 20 மில்லிமீட்டராகும். அரை ரோபோவைத் தாண்டிவிட்டது. தளத்தின் பிரதிபலிப்பு, சார்ஜ் நிலை, உமிழிகளின் வலு வேறுபாடு ஆகியவை இப்படி ஒரு பக்கச் சாய்வைத் தரக்கூடியவை. சீரற்ற பிசகு விளிம்பைச் சொரசொரப்பாக்கும். ஒருபக்கச் சாய்வு முழு வடிவத்தையும் வளைத்துவிடும். உருவான படத்தைப் பார்த்தே எது காரணம் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

செய்தி இழப்பு மூன்றாவது வகை. சிறிய அடுக்கு எண்ணைச் சொல்லும் அண்டையின் செய்தி சில நொடிகள் கிடைக்காமல் போனால், கூட்டத்தின் நடுவே இருப்பதும் 'என் எண்தான் பெரியது' என்று தவறாக முடிவெடுக்கலாம்.

கோளாறுகளுக்கு எடுத்த முடிவுகள்

இங்கே குழுவின் முன் இரண்டு வழிகள் இருந்தன. ரோபோவை மேம்படுத்துவது ஒன்று: நல்ல மோட்டார், திசை அறியும் சென்சார், வலுவான தொடர்பு. ஒவ்வொன்றும் விலையையும் கோக்கும் நேரத்தையும் ஆயிரத்தால் பெருக்கும். இன்னொன்று, ரோபோ தவறும் என்று ஒப்புக்கொண்டு, அந்தத் தவறைத் திரளே கண்டுகொள்ளும்படி நிரலை மாற்றுவது. இரண்டாவதைத் தேர்ந்தார்கள்.

வரிசை தேங்கினாலோ ஒரு ரோபோ பாதை தவறினாலோ, பக்கத்தில் இருப்பவை அதை உணர்ந்து ஒத்துழைத்துச் சரிசெய்யும் விதிகள் சேர்க்கப்பட்டன. இதற்குப் புதிய சென்சார் தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே அளந்துகொண்டிருக்கும் தூரங்களிலேயே விடை இருந்தது. மோட்டாரை இயக்கியும் அண்டைகளுடன் உள்ள தூரம் எதுவும் மாறவில்லை என்றால், நகரவில்லை என்று பொருள். தன் உடலை அறியாத ரோபோ, தன் நிலையை அண்டைகளின் வழியே அறிகிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. 'நகரவில்லை' என்று முடிவெடுக்க எவ்வளவு நேரம் காத்திருப்பது? இரண்டு நொடி என்று வைத்தால் வரிசையில் முறைக்காகக் காத்திருப்பதும் பழுதாகத் தோன்றும். பல நிமிடம் என்று வைத்தால் உண்மையான அடைப்பு அவ்வளவு நேரம் நீடிக்கும். காத்திருப்பதையும் மாட்டிக்கொண்டதையும் பிரிக்க, நேரம் மட்டும் போதாது. முன்னால் யாராவது இருக்கிறார்களா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். திரள் நிரல்களில் நேர வரம்பை மட்டும் வைத்துப் பழுதை முடிவு செய்பவர்கள் பெரும்பாலும் இதில்தான் இடறுகிறார்கள்.

ஆயக் கணிப்பில் ஒரே செய்தியை நம்பாமல், பல அண்டைகளின் தூரங்களைத் திரும்பத் திரும்ப அளந்து திருத்திக்கொண்டே இருக்க விட்டார்கள். அடுக்கு எண்ணும் அவ்வாறே; ஒரு முறை கணித்து வைத்துக்கொள்வதல்ல, ஓயாமல் புதுப்பிப்பது. தவறான எண் ஒன்று புகுந்தாலும் அடுத்த சில செய்திகளில் அது அழிந்துவிடும்.

விளைவு

மூன்று வடிவங்களும் உருவாயின, மனிதக் கை இடையில் படாமல். ஆயிரம் ரோபோக்கள் அளவிலான ஒரு வடிவத்துக்கு ஏறத்தாழ 12 மணி நேரம் பிடித்தது. விளிம்புகள் வளைந்தும் சற்றுக் கோணியும் இருந்தன. பார்த்தவுடன் இன்ன வடிவம் என்று சொல்லும் அளவுக்குத் தெளிவாகவும் இருந்தன.

கிலோபாட்டின் 160 மில்லியாம்பியர்-மணி பேட்டரி, செயலின் அளவைப் பொறுத்து 3 முதல் 24 மணி நேரம் வரை தாங்கக்கூடியது. இடைவிடாமல் மோட்டாரை ஓட்டும் ரோபோ 12 மணி நேரம் தாக்குப்பிடிப்பது கடினம். இந்த நெறிமுறையில் எந்த ரோபோவும் முழு நேரமும் ஓடுவதில்லை. பெரும்பகுதி நேரம் தன் முறைக்காகக் காத்திருக்கும் அல்லது இடத்தில் அமர்ந்திருக்கும். 12 மணி நேர ஓட்டம் சாத்தியமானதில் இந்தக் காத்திருப்புக்கும் பங்கு உண்டு. அதே காத்திருப்புதான் 12 மணி நேரம் ஆனதற்கும் காரணம்.

நேரம் எங்கே போனது

12 மணி நேரத்தை ஆயிரத்துச் சொச்சம் ரோபோக்களால் வகுத்தால், சராசரியாக 42 நொடிக்கு ஒன்று இடத்தில் அமர்ந்திருக்கிறது. நொடிக்கு 1 சென்டிமீட்டர் என்ற முழு வேகத்தில் 42 நொடியில் 42 சென்டிமீட்டர் போகலாம். அது கிட்டத்தட்ட 13 ரோபோ அகலம். வரிசையில் ஒன்றை ஒட்டி ஒன்று சென்றிருந்தால் 42 நொடியில் ஒன்றல்ல, பல ரோபோக்கள் சேர்ந்திருக்க வேண்டும்.

இந்த இடைவெளி எங்கிருந்து வந்தது என்பதற்கு நெறிமுறையின் அமைப்பே விடை சொல்கிறது. ஓரம் பிடித்துப் போவது நேர் ஓட்டமல்ல. சற்றே இடம், சற்றே வலம் என்று வளைந்து வளைந்து போவது, எனவே உண்மையான வேகம் குறைவு. அடுத்து, ஓரத்தில் இருப்பவை மட்டுமே புறப்படலாம். சுமார் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஆயிரம் ரோபோக்கள் இருந்தாலும், எந்த நொடியிலும் நகர்பவை அந்தப் பரப்பின் விளிம்பில் உள்ள சிறு பகுதிதான். கடைசியாக, வரிசையின் வேகம் அதில் உள்ள மிக மெதுவான ரோபோவின் வேகம். 2 மீட்டர் ஓரத்தை 200 நொடியில் கடக்க வேண்டிய இடத்தில் ஒன்று அரை வேகத்தில் போனால், 400 நொடி. பின்னால் இருக்கும் எல்லோருக்கும் 200 நொடி வரை நஷ்டம். அப்படிப் பத்து இருந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் போய்விடும்.

கட்டுப்பாடு பரவலாக இருந்தது, கணிப்பும் பரவலாக இருந்தது. இயக்கம் மட்டும் ஒற்றை வரிசையில் நடந்தது. ரோபோக்களை இரட்டிப்பாக்கினால் வேலை இரட்டிப்பாகும், ஆனால் வேலை செய்யும் விளிம்பு இரட்டிப்பாகாது. பரப்பு இரட்டிப்பானால் சுற்றளவு சுமார் 1.4 மடங்குதான் கூடும். மையக் கட்டுப்பாடு இல்லை என்றாலே வேகம் கூடும் என்று நினைப்பவர்கள் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

பின்னர் மாறியது: சேர்ப்பதற்குப் பதில் செதுக்குவது

இதே தளத்தில், முதல் குழுவில் இருந்தவர்களும் பங்கேற்ற பிந்தைய ஆய்வு ஒன்று, மோட்டாரையோ சென்சாரையோ தொடாமல் கேள்வியையே திருப்பிப் போட்டது. வடிவத்துக்குள் ரோபோக்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குப் பதிலாக, நெருக்கமான கூட்டத்திலிருந்து வேண்டாதவற்றை வெளியேறச் சொன்னால் என்ன? சிற்பி கல்லைச் செதுக்குவது போல.

இம்முறை 725 கிலோபாட்கள். எல்லாம் அசையாமல் நின்ற நிலையிலேயே தங்களுக்குள் ஆயங்களைக் கணித்துக்கொண்டன. பிறகு ஒவ்வொன்றும் 'நான் வடிவத்துக்குள்ளா, வெளியிலா' என்று தானே முடிவு செய்தது. வெளியே என்று கண்டவை, ஒரு பக்கம் வைத்த ஒற்றை விளக்கைத் திசைகாட்டியாகக் கொண்டு கூட்டத்திலிருந்து விலகிப் போயின. கிலோபாட்டில் ஒளிச் சென்சார் தொடக்கத்திலிருந்தே உண்டு.

வடிவம் உருவாகும் வேகம் ஏறத்தாழ பத்து மடங்கு கூடியது, நம்பகத்தன்மையும் கூடியது. காரணங்கள் முந்தைய பகுதியிலேயே இருக்கின்றன. விலகிப் போகிறவை ஒற்றை வரிசையில் போக வேண்டியதில்லை, பல ஒரே நேரத்தில் நகரலாம். போகிறவர் துல்லியமான இடத்தைச் சேர வேண்டியதும் இல்லை. வழியிலிருந்து விலகினால் போதும், எனவே கோணலாகப் போகும் மோட்டாரால் வடிவம் கெடுவதில்லை. வடிவத்தில் இடம்பெறும் ரோபோக்கள் ஓர் அடிகூட நகராததால், ஆயத்தை நிதானமாக, பல முறை அளந்து கணிக்கலாம்.

இதற்கு விலையும் உண்டு. வடிவத்துக்குத் தேவையானதைவிட அதிக ரோபோக்கள் வேண்டும், வெளியேறியவை வீண். கூட்டத்தை முதலில் நெருக்கமாக அடுக்கி வைக்க வேண்டும். வெளியே ஒரு விளக்கு வேண்டும். அது கட்டளை இடுவதில்லை என்றாலும், எல்லோரும் நம்பியிருக்கும் ஒரே பொருள் அது. முழுப் பரவல் கட்டுப்பாட்டில் சிறு சமரசம். பத்து மடங்கு வேகத்துக்கு அது மோசமான பேரம் அல்ல.

2018 இறுதியில் வேறொரு குழு 300 கிலோபாட்களுடன் இன்னொரு திசையில் போனது. ஆயம் இல்லை, படமும் இல்லை. உயிரணுக்களில் வேதிப்பொருள்கள் பரவிக் கோலமிடுவது போன்ற கணிதத்தை ரோபோக்களுக்கிடையே ஓடவிட்டார்கள். மூன்றரை மணி நேர ஓட்டங்களில் கிளைகள் விடும் வடிவங்கள் தாமாக முளைத்தன. ஒரு பகுதியை அகற்றினாலும் திரள் தன்னைச் சரிசெய்துகொண்டது. ஆனால் 'எனக்கு ஸ்பேனர் வடிவம் வேண்டும்' என்று அதனிடம் கேட்க முடியாது. என்ன வடிவம் என்பதில் கறார் வேண்டுமா, அடி வாங்கினாலும் பிழைப்பது வேண்டுமா என்ற தேர்வு இது.

இதே சோதனையை மறுபடி செய்பவர் மாற்ற வேண்டியவை

தளத்திலிருந்து தொடங்க வேண்டும். பரப்பு சமமட்டமாகவும், எல்லா இடத்திலும் ஒரே அளவு ஒளியைத் தெறிக்கவிடுவதாகவும் இருக்க வேண்டும். இரண்டு ரோபோக்களை 5 சென்டிமீட்டர் இடைவெளியில், தளத்தின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் வைத்து அவை அறிவிக்கும் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து இடங்களிலும் சராசரி மாறினால் தளத்தில் கோளாறு. இடம் எதுவானாலும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் ரோபோவின் தூர அட்டவணையைத் திருத்துங்கள். வெயில் விழும் சன்னலை மூடிவிடுங்கள்; அதிலும் அகச்சிவப்பு ஏராளம்.

அடுத்து, ஓட்டத்துக்கு முன்னால் மெதுவானவற்றைப் பிரித்தெடுங்கள். மொத்த ரோபோக்களையும் ஒரே கட்டளையில் 30 நொடி நேரே நகரவிட்டு, 20 சென்டிமீட்டர்கூடக் கடக்காதவற்றையும் வட்டமடிப்பவற்றையும் ஒதுக்கினால் போதும். முதலில் காலைப் பாருங்கள், பிறகு சார்ஜ், கடைசியில் மோட்டார், பெரும்பாலும் கால்தான். சேர்க்கும் முறையில் இது கட்டாயம். செதுக்கும் முறையில், வடிவத்துக்குள் அமையப் போகும் ரோபோ நகரவே வேண்டாம் என்பதால், பழுதான மோட்டார் உள்ளவற்றை நடுவில் வைத்துவிட்டே ஓட்டலாம்.

நிரலில், ஒவ்வொரு நிலைக்கும் எல்இடி நிறம் ஒன்றை ஒதுக்குங்கள்: காத்திருப்பு, நகர்வு, ஆயம் தெரியவில்லை, மாட்டிக்கொண்டது, அமர்ந்துவிட்டது. ஆயிரம் ரோபோக்களிடமிருந்து பதிவேட்டைத் தனித்தனியே இறக்க முடியாது. மேலிருந்து எடுக்கும் படமே பதிவேடு. 2014 ஓட்டத்தை இன்று திரும்பச் செய்தால், 'முறைக்காகக் காத்திருக்கிறேன்', 'மாட்டிக்கொண்டேன்' என்ற இரண்டுக்கும் தனித்தனி நிறம் கொடுப்பதுதான் முதல் மாற்றமாக இருக்கும். 12 மணி நேரத்தில் எத்தனை மணி நேரம் வரிசைக்குப் போனது, எத்தனை மணி நேரம் பழுதுக்குப் போனது என்பதை அந்த இரண்டு நிறங்களை எண்ணியே சொல்லிவிடலாம்.